கோப்பு ஏற்கப்பட்டது, தரவு தவறியது: கோலாலம்பூர் கல்லூரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மாணவர் தரவை மலேசிய உயர்கல்வி அமைச்சுக்கு அனுப்பும் அலுவலகங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: “சிஸ்டம் ஏத்துக்கிச்சு.” அதைக் கேட்டதும் எல்லோரும் பெருமூச்சு விட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். இங்கே நான் எழுதப்போகும் தனியார் கல்லூரியிலும் பல ஆண்டுகள் அதுதான் வழக்கம். கோப்பு ஒவ்வோர் ஆண்டும் ஏற்கப்பட்டது. உள்ளே இருந்த தவறுகளும் ஒவ்வோர் ஆண்டும் அப்படியே இருந்தன. ஏற்கப்பட்ட கோப்பிலும் தவறான தரவு இருக்க முடியும் என்று நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைப்பதே பாதி வேலையாக இருந்தது.

கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டத்தின் (சட்டம் 555) கீழ் பதிவானது, கோலாலம்பூரில் இருக்கிறது. டிப்ளோமாவும் இளங்கலையும் உண்டு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, மூன்று ஆண்டும் இங்கேயே படித்து அவர்களுடைய பட்டத்தை வாங்கும் 3+0 படிப்பும் உண்டு. செந்தூல், கிள்ளான், சுங்கை பட்டாணி என்று பல ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பதிவுத்துறையிலும் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். தரவுப் பணிக்காக நான் அங்கே சேர்ந்தேன்.

ஒரு மாணவரின் விவரம் ஒரே இடத்துக்குப் போவதில்லை. உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் உயர்கல்விப் புள்ளிவிவரத் தொகுப்புக்குக் கல்லூரிகள் தரும் தரவுதான் அடிப்படை. படிப்புகளின் அங்கீகாரம் எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி முகமையிடம் இருக்கிறது. கல்விக் கடன் என்றால் பிடிபிடிஎன் என்ற அரசு நிதியம். வெளிநாட்டு மாணவரின் மாணவர் அனுமதிக்கு இஎம்ஜிஎஸ் என்ற நிறுவனம். 3+0 மாணவர் என்றால் பிரிட்டிஷ் பங்காளிப் பல்கலைக்கழகத்துக்கும் கணக்கு தர வேண்டும். கவுண்டரில் ஒருவர் ஒரு எழுத்தை மாற்றித் தட்டினால் அது இத்தனை வாசல்களுக்கும் போய் நிற்கும்.

முன்பு வேலை நடந்த விதம்

கெடு நெருங்கும் வாரத்தில் ஒரு கூட்ட அறையைப் பிடித்துக்கொள்வார்கள். மாணவர் பதிவு மென்பொருளிலிருந்து எல்லாவற்றையும் எக்செல்லுக்கு இறக்குவார்கள். பதிவுத்துறையில் மூத்த அதிகாரி ஒருவர் ‘மாஸ்டர் ஃபைல்’ என்று ஒன்றை வைத்திருந்தார். இறக்கிய கோப்பில் இருக்கும் தவறுகளை அந்த ஃபைலைப் பார்த்துத் திருத்தி அனுப்புவார்கள். அமைச்சின் அமைப்பு சில வரிகளை நிராகரிக்கும். அந்த வரிகளையும் அங்கேயே, எக்செல்லிலேயே சரிசெய்து மறுபடி ஏற்றுவார்கள். ஏற்கப்பட்டதும் அறை காலியாகிவிடும்.

திருத்தங்கள் எதுவும் மென்பொருளுக்குத் திரும்பிப் போகவில்லை. நோயின் வேர் இதுதான். அடுத்த ஆண்டு இறக்கும்போது அதே மாணவருக்கு அதே தவறு மறுபடி வரும், அதே அதிகாரி மறுபடி திருத்துவார். ஆண்டுகள் போகப் போக அவருடைய ஃபைல்தான் கல்லூரியின் உண்மையான பதிவேடு என்ற நிலை வந்துவிட்டது. அவர் நீண்ட விடுப்பில் போன ஆண்டில்தான் நிர்வாகத்துக்கு முதன்முறையாக வயிற்றைக் கலக்கியது.

ஆய்வை அங்கிருந்தே தொடங்கினோம். அமைச்சுக்குப் போன கோப்பையும் அன்றைய மென்பொருள் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தோம். ஏற்கப்பட்டதா இல்லையா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டோம். வேறுபாடு இருந்த ஒவ்வொரு இடமும், யாரோ ஒருவர் தவறைக் கண்டுபிடித்தும் பிறந்த இடத்தில் அதைத் திருத்தாமல் விட்ட இடம்.

தொலைந்துபோன பூஜ்யங்கள்

மலேசிய அடையாள அட்டை (ஐசி) எண்ணில் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தின் குறியீடு. கோலாலம்பூருக்கு 14, பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

இப்போது கல்லூரியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள். 2005-இல் பிறந்தவரின் எண் 05 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். பதினோரு இலக்கம்தான் மிஞ்சும். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் பிறந்தவர் என்றால் மூன்று பூஜ்யம் போய் ஒன்பது இலக்கம். 1990களில் பிறந்த மூத்த மாணவருக்கு வேறு மாதிரி விபத்து. பன்னிரண்டு இலக்க எண்ணை எக்செல் இயல்பாக 9.9E+11 என்ற வடிவில் காட்டும். அந்த நிலையிலேயே சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் கோப்பில் எழுதப்படும், மற்ற இலக்கங்கள் போயே போய்விடும். சின்னவர்களுக்குத் தலை போனது, பெரியவர்களுக்கு வால் போனது என்று அலுவலகத்தில் சிரித்துக்கொண்டார்கள்.

அஞ்சல் குறியீட்டிலும் இதே கதை. அலோர் ஸ்டார் 05000, சுங்கை பட்டாணி 08000, கங்கார் 01000. கெடா, பெர்லிஸ் மாணவர்களின் முகவரி எல்லாம் நான்கு இலக்கத்தில் நின்றது. படிப்புத் துறையைக் குறிக்கும் தேசியக் கல்விக் குறியீட்டின் 2020 பதிப்பு யுனெஸ்கோவின் 2013 வகைப்பாட்டை ஒட்டியது. நான்கு இலக்கம், பெரும்பாலானவை பூஜ்யத்தில் தொடங்கும். மேலாண்மைக்கு 0413. பழைய 2010 பதிப்பில் அதுவே மூன்று இலக்கத்தில் 345. பூஜ்யம் விழுந்து 413 ஆனதும் பார்ப்பவருக்கு அது ஒரு பழைய குறியீடு போலவே தெரியும். பழைய குறியீடு என்று நினைத்து யாரோ ‘புதியதாக’ மாற்றிய வரிகளும் கிடைத்தன.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நம் அடையாள அட்டை எண்ணில் சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. சிங்கப்பூர் அட்டையின் கடைசி எழுத்து முன்னால் இருக்கும் இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது, ஓர் இலக்கம் பிசகினால் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவின் ஆதாருக்கும் கடைசியில் அப்படி ஓர் இலக்கம் உண்டு. நம்முடையதில் நடு இலக்கத்தை மாற்றித் தட்டினாலும் பன்னிரண்டு இருக்கும், அமைப்பு ஏற்கும். அதனால் எண்ணுக்குள்ளே இருக்கும் பிறந்த தேதியையும் பாலினத்தையும், தனியாகக் கேட்டு வாங்கிய பிறந்த தேதி, பாலினத்தோடு ஒப்பிட்டோம். 3-4-2005 என்பது 4-3-2005 என்று திரும்பிக் கிடந்த பதிவுகள் முதலில் அகப்பட்டன. யாரோ ஒருவரின் கணினி அமெரிக்கப் பாணியில் மாதத்தை முன்னால் வைத்துப் படித்திருக்கிறது. நாள் 12-க்குள் இருந்தவர்களுக்கு மட்டும் நடந்ததால் இது வெகுநாள் கண்ணில் படவில்லை.

எல்லோரும் ஜோகூர்க்காரர்கள்

அனுப்பிய கோப்பின்படி பார்த்தால், கோலாலம்பூரில் இருக்கும் கல்லூரிக்கு ஜோகூரிலிருந்து கூட்டம் கூட்டமாக மாணவர்கள் வந்திருந்தார்கள். சந்தைப்படுத்தும் பிரிவு இதை வைத்து ஜோகூர் பாருவில் கல்விக் கண்காட்சிக்குக் கூடுதல் பணம் கேட்டுக்கொண்டிருந்தது. காரணம் எளிது. மாநிலங்களின் பட்டியலில் அகர வரிசைப்படி முதலில் வருவது ஜோகூர், பதிவுத் திரையிலும் அதுதான் தானாக விழுந்து கிடந்தது. அவசரத்தில் மாற்றாமல் விட்டால் மாணவர் ஜோகூர்க்காரர் ஆகிவிடுவார்.

கவுண்டரில் இருந்த அக்காவிடம் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: “தம்பி, பதிவு நாள்ல வரிசை லிஃப்ட் வரைக்கும் நிக்கும். பேரு, ஐசி, படிப்பு, பணம் கட்டினாங்களா… இதத்தான் பாப்போம். மாநிலத்த யாரு பாக்குறா?” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கட்டம் எதற்கு, யார் அதைப் படிக்கிறார்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. தானாக விழும் மதிப்பை எடுத்துவிட்டு, அஞ்சல் குறியீட்டிலிருந்து மாநிலத்தை மென்பொருளே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம். அவருக்கு ஒரு கட்டம் குறைந்தது, எங்களுக்கு ஒரு தவறு குறைந்தது. தரத்தை உயர்த்துவது என்றால் கவுண்டரில் இன்னும் நான்கு கேள்வி சேர்ப்பது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இடையில் ஒரு புத்திசாலி யோசனையும் வந்தது: அடையாள அட்டை எண்ணிலேயே மாநிலக் குறியீடு இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன? கூடாது. அது பிறந்த மாநிலம். பினாங்கு மருத்துவமனையில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோரோடு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த பிள்ளைக்குக் கடைசிவரை 07தான் இருக்கும்.

பெயரும் ஐசியின் நிறமும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அடி அதிகம் விழுந்தது தமிழ் மாணவர்களுக்குத்தான்.

கல்லூரியின் மென்பொருள் வெளிநாட்டில் உருவானது. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் நிரப்பச் சொல்லும். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று தகப்பன் பெயரோடு வரும் நம் பெயரை அதற்குள் எப்படி அடக்குவது? ஒருவர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார். இன்னொருவர் ஏ/எல் என்பதையே குடும்பப் பெயராகப் போட்டார். சாய்கோட்டை மென்பொருள் ஏற்காததால் சிலருக்கு அது இடைவெளி இல்லாமல் ‘ஏஎல்’ ஆனது. அண்ணன் தம்பி இருவர் ஒரே கல்லூரியில் இரண்டு மாதிரியான பெயர்களோடு இருந்தார்கள். டிப்ளோமா முடித்து இளங்கலைக்கு வந்த மாணவரின் பெயர் இரண்டாம் முறை வேறு மாதிரி பதிவாகி, ஒருவரே இருவரானார். அமைச்சுக்குப் போன கணக்கில் அவர் புதிய மாணவர். பட்டமளிப்புக்கு முன் பட்டதாரிகள் நிரப்ப வேண்டிய பட்டதாரி ஆய்வில் பெயர் பொருந்தாமல் அலைந்தவர்களும் இருந்தார்கள். பாவம், கழுத்தில் மாலை விழும் வாரத்தில் அவர்கள் பதிவுத்துறை வாசலில் நின்றார்கள்.

கடைசியில் எடுத்த முடிவு இது: அட்டையில் இருப்பதுபோல் முழுப்பெயர் ஒரே கட்டத்தில், சாய்கோட்டோடு. மென்பொருள் கேட்கும் இரண்டு கட்டங்கள் உள்ளுக்குள் மட்டும் இருக்கட்டும், அவை எந்த அறிக்கைக்கும் போகக் கூடாது. பதிவு நாளில் எண்ணையும் பெயரையும் தட்டுவதை விட்டுவிட்டு, மைகார்டு எனும் அடையாள அட்டையைப் படிக்கும் கருவியை வைத்து அதன் சில்லிலிருந்து எடுத்தோம். முகவரியை மட்டும் அப்படி எடுக்கவில்லை. வீடு மாறியவர்களில் பலர் அட்டையில் மாற்றியிருக்க மாட்டார்கள்.

இனம் என்ற கட்டத்தில் மாணவர்கள் விருப்பப்படி எழுதியிருந்தார்கள்: இந்தியர், தமிழர், மலையாளி, சிலோன், சிலர் ‘இந்து’. கவுண்டரில் புரியாத எல்லாமே ‘லாயின்-லாயின்’, அதாவது மற்றவை, என்ற பெட்டிக்குள் போனது. இந்திய மாணவர் எத்தனை பேர் என்பது இந்த நாட்டில் அரசியல் மேடை வரை போகும் கேள்வி. அதற்கான எண் இப்படித் தயாராகிறது என்று தெரிந்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இதைவிடக் கனமானது குடியுரிமைக் கட்டம். அடையாள எண் பன்னிரண்டு இலக்கமாக இருந்தால் ‘குடிமகன்’ என்று மென்பொருளே நிரப்பிக்கொண்டிருந்தது. சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கும் பன்னிரண்டு இலக்கம்தான். இந்த மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அட்டையோடு வாழும் குடும்பங்கள் நம் சமூகத்தில் எத்தனை என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் கோப்பில் குடிமக்களாகிவிடுவார்கள், அப்புறம் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது உண்மை தெரிந்து நிராகரிக்கப்படுவார்கள். கல்லூரிக்கு முன்பே தெரிந்திருந்தால் வேறு வழி காட்டியிருக்கலாம். இப்போது அந்தக் கட்டத்தை அட்டையைப் பார்த்துத்தான் நிரப்புகிறார்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்குக் கடப்பிதழ் எண்தான் அடையாளம் என்று வைத்திருந்தார்கள். படிப்புக்கு நடுவே கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறும், ஆள் இரண்டாவார். கல்லூரியின் சொந்த மாணவர் எண்ணையே சாவியாக்கி, கடப்பிதழ் எண்ணை மாறக்கூடிய விவரமாகக் கீழே இறக்கியதும் அது தீர்ந்தது.

யார் மாணவர்?

“மொத்தம் எத்தனை பேர்?” என்று முதல்வர் கேட்டால் மூன்று பதில் வரும். முறைப்படி விலகல் கடிதம் தராதவர் எல்லோரும் பதிவுத்துறைக்கு மாணவர்தான். இந்தச் செமஸ்டருக்குக் கட்டண ரசீது போனவர்களை மட்டும் நிதிப் பிரிவு எண்ணும். வகுப்புக்கு வருகிறவர்தான் துறைத் தலைவருக்கு மாணவர். செமஸ்டரை ஒத்திவைத்தவர், பிடிபிடிஎன் பணம் வரட்டும் என்று காத்திருப்பவர், சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போய்விட்டவர் ஆகிய மூவகையினரிடம்தான் கணக்கு பிசகியது.

இங்கே மென்பொருளால் செய்ய ஒன்றுமில்லை. நிதிப் பிரிவையும் பதிவுத்துறையையும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வைத்தோம். ஒரு பட்டியலில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்களை மட்டும் எடுத்துப் பேசுவார்கள். முதல் கூட்டங்கள் சண்டையாக இருந்தன. “பணம் கட்டாதவன எப்படி மாணவன்னு எழுதுறீங்க?” என்பார் ஒருவர். “விலகலன்னு எழுத்துல இருக்கே, சார்” என்பார் இன்னொருவர். கடைசியில் அமைச்சின் வரையறையை ஒரு பக்கத்தில், எடுத்துக்காட்டுகளோடு எழுதி ஒட்டினோம். மற்ற பிரிவுகள் தங்கள் கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ‘மொத்த மாணவர்’ என்று பெயர் வைக்கக் கூடாது.

3+0 மாணவர்களின் கணக்கில் ஒரு விநோதம் இருந்தது. பிரிட்டனில் உயர்கல்வித் தரவைத் திரட்டும் ஹெசா என்ற அமைப்பு 1993-இல் தொடங்கி, 2022-இல் ஜிஸ்க் என்ற நிறுவனத்தோடு இணைந்தது. அந்நாட்டுப் பட்டத்துக்காக முழுக்க வெளிநாட்டிலேயே படிப்பவர்களின் எண்ணிக்கையைத் தனித் தொகுப்பாக அது வாங்குகிறது. நம் மாணவர்கள் பங்காளிப் பல்கலைக்கழகம் வழியாக அதில் சேர்கிறார்கள். அந்தக் கணக்கின் ஆண்டு ஆகஸ்டு 1 முதல் ஜூலை 31 வரை. நம் அமைச்சின் கணக்கு காலண்டர் ஆண்டை ஒட்டியது. எங்கள் சேர்க்கையோ ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில். இரண்டு எண்களும் வேறுபடுவதுதான் முறை. ஆனால் ஓர் ஆண்டு யாரோ இரண்டையும் சமமாக்கியே அனுப்பியிருந்தார்கள்! வேறுபாடு என்றாலே தவறு என்ற பயம். இப்போது இரண்டு எண்ணோடும் சேர்ந்து, ஏன் வேறுபடுகின்றன என்று மூன்று வரிக் குறிப்பும் போகிறது.

ஒரே ஒரு கட்டளை

செய்தவற்றில் மிகச் சிறியதும் மிகக் கடினமானதும் இதுதான்: அனுப்பும் கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. தவறு கண்டால் மென்பொருளில், அது பிறந்த இடத்தில், அந்தக் கட்டத்துக்குப் பொறுப்பானவர் திருத்த வேண்டும். பிறகு கோப்பைப் புதிதாக இறக்க வேண்டும். மாஸ்டர் ஃபைலில் இருந்ததையெல்லாம் மூத்த அதிகாரியோடு உட்கார்ந்து மென்பொருளுக்குள் ஏற்றினோம். அவருடைய அறிவை மதித்துச் செய்ததால்தான் அது நடந்தது. ஒதுக்கிவைத்திருந்தால் ஃபைலைத் தந்திருக்கவே மாட்டார்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வந்தார். உதாரணமாக, படிப்புக் குறியீடுகள் தர உறுதிப் பிரிவிடம் போயின. ஒரு படிப்பு தற்காலிக அங்கீகாரத்திலிருந்து முழு அங்கீகாரத்துக்குப் போகும்போது எம்கியூஏ எண்ணின் முன்னொட்டு பிஏ என்பதிலிருந்து எஃப்ஏ ஆக மாறும். அந்தக் கடிதம் அவர்களுக்குத்தான் வரும், முன்பு பதிவுத்துறைக்கு யாரும் சொன்னதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த சரிபார்ப்பு மாதா மாதம் ஆனது. பொருந்தாதவற்றை மென்பொருள் தானாக மாற்றாது, கேள்வி மட்டும் எழுப்பும். எண்ணின்படி பெண், பதிவின்படி ஆண் என்று வந்தால் தட்டியதில் பிழையாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். மாணவரைக் கேட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். பாடம் பதியும் திரையில் மாணவருக்கு அவருடைய விவரத்தையே காட்டி, சரியா என்று கேட்கும் பக்கமும் வந்தது. இதில் கிடைத்த திருத்தங்கள் வேறு எந்தச் சரிபார்ப்பிலும் கிடைத்திருக்காது. பன்னிரண்டு இலக்கமும் ஒழுங்காக இருந்து நடுவில் ஒன்று மட்டும் பிசகிய எண்ணை அதன் சொந்தக்காரர்தான் கண்டுபிடிக்க முடியும்.

அடையாள எண்கள் நிறைந்த எக்செல் கோப்புகள் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றியதும் நின்றது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை (சட்டம் 709) காட்டித்தான் நிறுத்த முடிந்தது. நல்ல பழக்கம் என்று சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

விளைவு

முதல் ஆண்டு நிலைமை மோசமானதுபோல் தெரிந்தது. கோப்பில் கை வைக்காததால் நிராகரிப்புகள் குவிந்தன. “முன்னே ஒழுங்காத்தானே போச்சு?” என்று மேலிடத்தில் கேட்டார்கள். இத்தனை ஆண்டு மறைந்திருந்தவை வெளியே வருகின்றன என்று விளக்கப் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் எடுத்துக்கொண்டு நடந்தோம். அந்த ஆண்டு பதிவதிகாரி பின்னால் நிற்காமல் இருந்திருந்தால் எல்லாம் பழைய கூட்ட அறைக்கே திரும்பியிருக்கும்.

அடுத்த சுற்றில் அந்த அறை தேவைப்படவில்லை. மாதா மாதம் சரிபார்த்த கோப்பு கெடு வாரத்தில் ஏறக்குறைய அப்படியே போனது. ஜோகூர் மாணவர் கூட்டம் கரைந்தது, கண்காட்சிப் பணம் வேறு ஊருக்குப் போனது.

தீராத கட்டம் ஒன்று இருக்கிறது: குடும்ப வருமானம். பதினெட்டு வயதில் அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று திட்டமாகத் தெரிந்தவர் குறைவு. வண்டி ஓட்டுகிற அப்பா, வீட்டிலிருந்து முறுக்கு சுட்டு விற்கிற அம்மா என்றால் அவர்களுக்கே மாதத்துக்கு மாதம் மாறும். உதவி கிடைக்கும் என்று குறைத்து எழுதுகிறவர்களும் உண்டு, கூச்சப்பட்டுக் கூட்டி எழுதுகிறவர்களும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சான்று கல்லூரியிடம் இல்லை. இப்போதைக்குத் தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்றே பதிகிறோம், முன்புபோல் நடுத்தரத் தொகை ஒன்றைப் போட்டு நிரப்புவதில்லை. அந்தக் கட்டத்தில் இத்தனை ‘தெரியவில்லை’ இருந்தால் கல்லூரிக்குக் கெட்ட பெயர் என்கிறது நிதிப் பிரிவு. அடுத்த மாதக் கூட்டத்திலும் அதுதான் முதல் பொருள்.